நனைந்த நெற்றி

விடுதியில் அவருக்குத் 'தர்மாமீட்டர்' என்று பெயர். கல்லூரி மருத்துவ அறைக்கு அவர் ஒருவர்தான் நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக நடந்து முழங்கால் தேய்ந்த பிறகு, மகனுக்கும் இங்கேயே இடம் கிடைக்க, இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர். மகன் விடுதியில் தங்கிப் படித்தான். மற்றவர்கள் எதிரில் அவனும் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் ஃப்ளூ அறைக்கு அறை தாவியது. ஏற்கெனவே இளைப்பு உள்ள மாணவி ஒருத்தி தீவிர சிகிச்சையில் கிடந்தாள். காலையில் விடுதி வாசலில் நெற்றிச் சூட்டைக் கருவியால் பார்த்துத்தான் ஆளை வெளியே விட்டார்கள். காய்ச்சல்காரர்களுக்கு மாடியில் தனி அறைகள். ஆனால் மாடிக்குப் போனால் வருகைப்பதிவு குறையும், பரீட்சை எழுத முடியாது. பயல்கள் சும்மா இருப்பார்களா? குழாயடியில் நெற்றியை நனைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கருவி பாவம், நம்பிவிட்டது.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து நர்ஸ் ஒவ்வொருவன் பிடரியிலும் புறங்கையை வைத்தும் பார்க்கத் தொடங்கினார்.

"கழுத்த நெரிச்சிடாதீங்க சிஸ்டர், இன்னும் கல்யாணம்கூட ஆகல."

"மொதல்ல இருமாம நில்லு. பொண்ணு அப்புறம் பாக்கலாம்."

அன்று செய்முறைத் தேர்வு. வரிசையில் மகன் வந்து நின்றான். முன்முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கருவி சரி என்றது. புறங்கை சுட்டது.

பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"அம்மா," என்றான், உதடு மட்டும் அசைய. "இன்னைக்கு மட்டும் விட்ருங்க. மாத்திரை போட்டிருக்கேன். இத விட்டா ஒரு வருஷம் போயிடும்."

போகும். அவருக்கும் தெரியும்.

"ஒரு மேசைக்கு நாலு பேர் ஒட்டி நிக்கிற லேப்டா அது. மாடிக்குப் போ."

"பெத்தவங்க யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

அவர் மாடிப்படிப் பக்கம் கையை நீட்டினார்.

அவன் கேட்டது வரிசை முழுக்க விழுந்திருந்தது. பின்னால் நின்ற ஒருவன் விலகி வந்தான். "என்னைத் தொட வேணாம் சிஸ்டர். எனக்கும் நேத்துலேர்ந்து இருக்கு." அவனும் மாடிப்பக்கம் நடந்தான்.

முன்னால் போன மகன் திரும்பியே பார்க்கவில்லை. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். நர்ஸ் தன்னையறியாமல் ஓர் எட்டு முன்னால் வைத்தார். வரிசை இன்னும் முடிந்தபாடில்லை. சானிடைசரைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, அடுத்தவனின் பிடரியில் புறங்கையை வைத்தார்.