விசிலடித்த ரேடியோ

காதுக்குள் ஊசி இறங்குவதுபோல ஒரு கீச்சொலி எழும்பி, செய்தி வாசிப்பவரின் குரலை அப்படியே விழுங்கிவிடும். யுத்தகாலத்து மாலைகளில், எங்கள் ஊரான பேசாலையில், தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் இருந்த பவிலு மாமாவின் ரேடியோவில் அதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இயக்கத்தோடு இரகசியமாகப் பேசுகிற வயர்லெஸ் "செற்" இருப்பதால்தான் தன்னுடைய ரேடியோ "கூவுது" என்று அவர் இராணுவ முகாமில் போய்ச் சொல்ல, கடலைத் தவிர வேறொன்றும் அறியாத அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை.

உயர்தரத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த அக்கா அழவில்லை, புத்தகத்தைப் புரட்டினாள். வெளியிலிருந்து வரும் அலையோடு கலப்பதற்காக ஒவ்வொரு ரேடியோவும் தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்குகிறது. அதில் கொஞ்சம் கசிந்து, பக்கத்து ரேடியோ எடுக்கும் நிலையத்தோடு மோதினால் இந்தக் கீச்சொலி பிறக்கும். எங்கள் ரேடியோவில் அப்பா பாட்டுக் கேட்டதுதான் குற்றமாகியிருந்தது.

"இனி நான் வேணுமெண்டே கூவ வைக்கப்போறன்," என்றாள் அக்கா.

வேலியோரம் ரேடியோவை வைத்து, அந்தப் பக்கம் கீச்சிடும்வரை அவள் நிலையம் மாற்றும் முள்ளைத் திருப்புவாள். நான் காது கொடுத்துக் கைகாட்டுவேன். நான்காம் நாள், நாங்கள் எதிர்பார்த்தபடியே, மாமா இராணுவத்தைக் கூட்டி வந்தார். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் முன்னால் நின்றார்.

"மாமாவின்ர ரேடியோவையும் கொண்டுவரச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா. இரண்டையும் மேசையில் வைத்து மாமாவுடையதைத் திருப்பினாள். இம்முறை எங்களுடையது கூவியது.

"இது செற் எண்டால், அவரிட்டையும் ஒண்டு இருக்குது."

எல்லா ரேடியோவும் இப்படித்தான் என்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"மாத்தயா, எனக்கு ஒண்டும் தெரியாது," என்று அதிகாரியைச் சிங்களத்தில் "ஐயா" என விளித்துச் சொன்னார் மாமா. அப்பாவும் அன்று இதையேதான் சொன்னார். தங்களை முட்டாளாக்கிவிட்டான் என்று சினந்த அதிகாரி மாமாவையும் இரண்டு ரேடியோக்களையும் ஜீப்பில் ஏற்றினார்.

ஐந்து நாட்களின் பின் மாமா நொண்டிக்கொண்டு வந்தார். அப்பா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். "அவனும் பிள்ளைகுட்டிக்காரன்," என்று எங்களைப் பாராமலே சொன்னார். அக்கா குசினிக் கதவைச் சாத்தினாள்.

இன்று அந்த வேலி மதிலாகிவிட்டது. அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. முள் திருப்பும் ரேடியோவை ஊரில் யாரும் வைத்திருப்பதில்லை. மாமாவுக்காக இரங்க வேண்டுமென்று கோயிலில் முழந்தாளிட்டுப் பார்த்திருக்கிறேன். இரக்கம் வருவதில்லை.