அம்மாவின் பெயர் நிரம்பி வழிந்தது

எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதன்முன் உட்காரும் வேலை எனக்குக் கிடைத்தது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாரமே அம்மாவைப் பதிந்தேன். பெயர், அதையடுத்து ஒரே ஓர் எழுத்து. பென்சிலின் ஆகாது என்பதற்கு அதுதான் அடையாளம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அந்த ஊசி போட்டு அம்மா ஒருமுறை சாகக் கிடந்து பிழைத்தவர்.

சில மாதம் கழித்து அம்மா திரையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"எங்கப்பா பேரு எங்க? ஐ.சி. கார்டுல இருக்கிற மாதிரி போடுலா. அனாதையாட்டம் நிக்குது."

எங்கள் ஆட்களுக்கு அடையாள அட்டையில் பெயரோடு இன்னாரின் மகள் என்று அப்பா பெயரும் சேரும். தாத்தாவுக்கோ மூன்று சாமிகளின் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். முழுவதையும் தட்டினேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

பிறகொரு நாள் அம்மா காலில் சீழ்வைத்த புண்ணோடு வந்தார். டாக்டர் திரையைப் பார்த்தார். எச்சரிக்கை எதுவும் இல்லை. பென்சிலின் எழுதிவிட்டார். நர்ஸ் ஊசியை எடுத்தபோது அம்மாவின் குரல் என் மேசைவரை கேட்டது.

"ஏம்மா, எனக்குப் பென்சிலின் ஆவாது. தெரியும்ல?"

தோட்டத்துப் பழக்கம் அது. அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எந்த அட்டையையும் பார்க்கமாட்டார். நம் உடம்புக்கு ஆகாததை நாம்தான் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அம்மா ஊசியைக் கண்டாலே உரக்கச் சொல்லிவிடுவார், எனக்கு மானம் போகும். அன்று நர்ஸின் கை நின்றது. வேறு மருந்து கொடுத்தார்கள்.

நான் அம்மாவின் பதிவைத் திறந்து பார்த்தேன். அடையாளம் இருக்கவேண்டிய இடத்தில் தாத்தா பெயரின் கடைசி எழுத்து உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைக் கிந்தா ஆற்றில் வீசியிருப்பேன்.

புரோகிராம் எழுதிய சீன இளைஞரை உடனே வரவழைத்தோம். மலாய் மொழியில் விளக்கினார். பெயருக்கு அவர் ஒதுக்கிய இடம் சிறியது. நீளத்தைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை. மிஞ்சிய எழுத்துகள் அடுத்த இடத்தில் ஏறி, அங்கிருந்ததை அழித்துவிட்டன. பஸ்ஸில் மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்து பக்கத்து ஆளைத் தள்ளிவிடுகிற மாதிரிதான். தன் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் சின்னது, அதை நினைத்தே எழுதிவிட்டதாகச் சொன்னார். திட்ட வாயெடுத்தவள், வெளுத்துப்போன அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

நீளமான பெயர்களையெல்லாம் இருவரும் தேடினோம். பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். பழைய காகித அட்டைகளோடு ஒப்பிட்டதில் மூன்று பேருக்கு எச்சரிக்கை அழிந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் போனை வைத்ததும் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அன்று மாலை செமோர் பஸ்ஸில் அம்மா கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தார்.

"நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டேன்னு கோவமா?"

"இல்லம்மா. இனிமே இன்னும் சத்தமாச் சொல்லுங்க."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் என் தோளில் தூங்கிப்போனார். ஊர் வரும்வரை அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.