முட்டையும் நீலக் கோடும்

எங்கள் வீட்டு முன்னறைக் கதவு நிலையில் ஒரு நீலக் கோடு இருந்தது. தரையிலிருந்து நாலு அடி பத்து அங்குலம். குஞ்சியப்பு தன் கந்தோர்ப் பென்சிலால் இழுத்த கோடு. தலை அதற்குக் கீழே நின்றால் சின்னப் பிரிவில் பந்து விளையாடலாம். மேலே போனால் விளையாட முடியாது. கொழும்பில் கொட்டாஞ்சேனையில் அந்த ஒரு வருடம் எத்தனையோ பையன்களின் நித்திரையைக் கெடுத்த கோடு அது.

குஞ்சியப்பு என்றால் ஐயாவின் தம்பி, சித்தப்பா. துறைமுகத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர் வேலை. எங்களோடுதான் இருந்தார். கலியாணப் பேச்சு எடுத்தால் “மச் முடியட்டும்” என்பார். எந்தப் பந்தாட்டம் என்று யாரும் கேட்பதில்லை, ஒன்று முடிந்தால் இன்னொன்று இருக்கும். ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போடுவதற்கு மூன்று வருடம் முந்திய தைமாதத்தில், எங்கள் பக்கத்து உதைபந்தாட்டச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர் ஆனார். சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. எங்கள் முன்னறைதான் சங்கம்.

சங்கம் வளர்ந்ததை நான் தேத்தண்ணிக் கோப்பைகளால்தான் அறிந்தேன். முதல் கூட்டத்துக்கு அம்மா ஆறு கோப்பை கழுவினார். மாசியில் பக்கத்து வீட்டில் நாலு இரவல் வாங்கினோம். சித்திரை கழிய முகத்துவாரத்திலிருந்து ஒரு குழு சேர்ந்தது, பிறகு ஜிந்துப்பிட்டிப் பையன்கள், பிறகு வெள்ளவத்தையிலிருந்துகூட ரயிலேறி வந்தார்கள். ஆடியில் கூட்டம் நடந்தபோது பாதிப் பேர் குடித்து முடித்த பிறகு கோப்பையைக் கழுவி மற்றப் பாதிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கை வரைக்கும் போயின. செருப்பே இல்லாமல் வந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சின்னப் பிரிவு குஞ்சியப்புவின் சொந்த யோசனை. பெரிய ஆட்கள் விளையாடினால் மட்டும் போதாது, பத்து வருடம் கழித்து விளையாடுகிறவனை இன்றைக்கே பிடிக்க வேண்டும் என்பார். ஆனால் வயதை நம்பிப் பிரிக்க முடியவில்லை. முகத்துவாரத்துப் பையன்களில் பலருக்கு வயது தெரியாது, “பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருசம் பிறந்தவன்” என்பார்கள். எந்த வெள்ளம் என்று கேட்டால் களனி கங்கைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். எங்கள் ஒழுங்கைப் பையன்களுக்கோ வயது நன்றாகத் தெரியும், தெரிந்துகொண்டே பொய் சொல்வார்கள். ஆகவே குஞ்சியப்பு உயரத்தால் பிரித்தார். தையில் ஒருதரம் அளப்பது, மார்கழியில் இறுதி ஆட்டத்துக்கு முன் இன்னொருதரம்.

அளக்கும்போது பையன்கள் செய்யும் களவு ஒன்றுதான். சாரத்துக்குள் முழங்காலை மடக்குவார்கள். தலையில் அடிமட்டம் வைக்கும் குஞ்சியப்புவுக்குக் கீழே நடப்பது தெரியாது. அதற்குத்தான் நான். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டச் சொல்லிவிட்டு, என்னைத் தரையில் இருத்திவிடுவார். முழங்கால் நேராக இருந்தால் நான் சும்மா இருக்க வேண்டும். மடங்கியிருந்தால் தரையில் ஒருதரம் தட்ட வேண்டும். அவ்வளவுதான், வாய் திறக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை நான், எனக்கு இதைவிடத் தோதான வேலை வேறில்லை. தையில் அளந்தபோது எனக்குப் பத்து வயது. அண்ணனின் காதுக்குக் கீழே நின்றேன்.

முழங்கால்களைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முகங்களைப் பார்க்கக் கூச்சம், முழங்கால்களிடம் என்ன கூச்சம்? ஒவ்வொன்றும் ஒரு விதம். காய்ந்த தோடம்பழத் தோல் மாதிரி ஒன்று, உரித்த பனங்கிழங்கு மாதிரி ஒன்று. அண்ணனின் இடது முழங்காலில், தண்ணீர்க் குழாயடியில் விழுந்த காயத் தழும்பு இருந்தது. கால் நேராக இருந்தால் அது மூடிய கண் மாதிரி இருக்கும். கொஞ்சம் மடக்கினாலும் தோல் இழுபட்டு, கண் திறப்பது போலத் தெரியும். இது வேறு யாருக்கும் தெரியாது.

சங்கத்தின் தலைவர் கடை நானா. எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். எலும்பும் தோலுமான பையன்களைப் பார்த்துவிட்டு, “தம்பி, இவனுகளுக்கு ஓடப் பெலன் வேணும். முட்ட நான் அனுப்புறன்” என்று குஞ்சியப்புவிடம் சொன்னார். அன்றிலிருந்து பயிற்சி முடிகிற ஒவ்வொரு பின்னேரமும் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எங்கள் சமையலறையில் முட்டை ஏறாது, ஊறவைத்த கடலை. அம்மா பெரிய தாச்சியில் அவிப்பார். பையன்கள் பின்வாசலில் வரிசையாக நிற்பார்கள்.

முட்டை வேலை செய்தது. அதுதான் வினை.

புரட்டாதி வரும்போது பையன்களின் கைகள் சட்டைக்கு வெளியே வந்துவிட்டன. அடிக்கிற பந்து மைதானத்தைத் தாண்டி மாதா கோயில் மதில் வரைக்கும் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் மட்டும் தட்டவில்லை. அவன்தான் எங்கள் ஒழுங்கைக் குழுவின் தலைவன். எங்கள் குழுவும் முகத்துவாரமும் இறுதி ஆட்டத்துக்கு வரும் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் இரவில் யாரும் பார்க்காதபோது நீலக் கோட்டின் கீழ் போய் நின்று, கையைத் தலையில் வைத்துத் தடவிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒருநாள் குழாயடிக்கு என்னைக் கூப்பிட்டான். சட்டைப் பையிலிருந்து முட்டையை எடுத்தான்.

“இந்தா, தின்னு.”

“உனக்கு?”

“நான் திண்டால் வளர்ந்திடுவன். மார்கழி மட்டும் நீதான் தின்ன வேணும். ஆருக்கும் சொன்னியோ, பிறகு பார்.”

நான் யாருக்கும் சொல்லும் ஆள் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து குழாயடியில் நின்றபடி நான் முட்டை தின்றேன். உப்புக்கூட இல்லை. ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது. என் பள்ளிக்கூடச் சட்டை இறுகியதை அம்மா ஒருதரம் பிரித்துத் தைத்தார். “என்ன, காற்றைக் குடிச்சு வளர்றியோ” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து முகத்துவாரத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய குழுவை நடத்திய, மீன்படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரும் வந்து, படகில் இருப்பது போலவே காலை அகட்டி வைத்துக் கதிரையில் இருந்தார். கடை நானாவும் இருந்தார். குஞ்சியப்பு ஒரு புதுக் கொப்பி வைத்திருந்தார். ‘வளர்ந்தவர்கள்’ என்று அதன் தலைப்பில் எழுதியிருந்தது. கோட்டைத் தாண்டியவர்களின் பெயரை அதில் எழுதினார். முதலில் ஒருவன், பிறகு இருவர். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் மலர்ந்ததுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆள் போகிறான், இவர் ஏன் சிரிக்கிறார் என்று கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன்.

நானாவுக்கும் புரியவில்லை. “தம்பி, நான் முட்ட அனுப்பினது கப் வெல்ல. நீங்க ஆள வளத்து வெச்சீக்கிறீங்க” என்றார்.

“வளர்றதுக்குத்தானே குடுத்தது, நானா.”

பிறகு அந்தோனி வந்தான். முகத்துவாரத்தின் கெட்டிக்கார ஆட்டக்காரன் அவன். பந்து அவன் காலில் பசை போட்டதுபோல் நிற்கும் என்பார்கள். அடிமட்டம் கோட்டுக்குச் சரியாக நின்றது. ஆனால் கீழே அவன் முழங்கால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. நான் தட்டினேன். குஞ்சியப்பு, “நிமிரடா” என்றார். நிமிர்ந்தான். தலை கோட்டுக்கு ஒரு விரல் மேலே போனது.

அந்தோனி கோபிக்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்து, “நங்கி, உன் ரெண்டு கண்ணும் பொலிஸ்” என்றான். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. ஆனால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே போய் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மழை தூறியது. அவன் நனைந்துகொண்டே நின்றான்.

அடுத்தது அண்ணன்.

“எங்க பயலுக்குத் தட்டின கை, உங்க வீட்டுப் பயலுக்கும் தட்டுமா பார்ப்போம்” என்றார் சம்மாட்டியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அண்ணன் நிலையில் முதுகை ஒட்டி நின்றான். அடிமட்டம் கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. முழங்கால்கள் பார்வைக்கு நேராகவே இருந்தன. நானா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சம்மாட்டியாரும் சரி என்று கையைக் காட்டினார். நான் தழும்பைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது.

தட்டாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. ஒரு வருடமாக அவன் அந்த ஆட்டத்துக்காகவே இருந்தான், எனக்காக அல்ல, அதற்காகத்தான் முட்டையை விட்டான். யன்னலில் அந்தோனியின் விரல்கள் கம்பியைச் சுற்றியிருந்தன, ஈரமாக. அதைப் பார்த்ததாலா, இல்லை, தட்டினால் என்ன நடக்கும் என்று அறிகிற ஆவலா, இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் கை தட்டிவிட்டது.

 குஞ்சியப்பு, “நிமிர்” என்றார். அண்ணன் நிமிர்ந்தான். அவன் தலை நீலக் கோட்டுக்கு அரை விரல் மேலே போனது.

அண்ணனின் வாய் கோணியது. அழுதுவிடுவான் என்று நினைத்தேன். அழவில்லை, என்னைக் காட்டினான்.

“என்ரை முட்டை முழுக்க இவள்தான் திண்டவள். புரட்டாதியிலையிருந்து ஒண்டும் விடாமல் திண்டவள். ஆளைப் பாருங்கோ, எப்பிடி வளர்ந்து நிக்கிறாள் எண்டு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. குஞ்சியப்பு கொஞ்ச நேரம் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “இஞ்சை வா பிள்ளை. நிமிர்ந்து நில், பாப்பம்” என்றார். நான் நிலையில் சாய்ந்து நின்றேன். அடிமட்டம் தலையில் குளிர்ந்தது. நீலக் கோட்டுக்கு இரண்டு விரல்தான் குறைவு.

“சங்கத்திலை திறமா வளர்ந்த ஆள் இவள்தான்” என்றார் குஞ்சியப்பு. நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப இந்தப் புள்ளட பேரையும் கொப்பியில எழுதுங்க. எண்ட முட்ட வீண் போகல்ல.” குஞ்சியப்பு உண்மையாகவே எழுதினார். அந்தோனிக்கும் அண்ணனுக்கும் கீழே, என் பெயர். யன்னலுக்கு வெளியே அந்தோனியும் சிரித்தான். அண்ணன்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். நானும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்வாசலில் நின்றார். அவர் சிரிக்கவில்லை. என் தலைக்கு நேரே குஞ்சியப்பு போட்ட சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “உள்ளை வா” என்றார்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் ஒழுங்கை தோற்றது. அண்ணன் அன்றைக்கு முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அடுத்த நாள் குஞ்சியப்பு அவனையும் அந்தோனியையும் பெரியவர்களின் பயிற்சிக்குக் கூட்டிப்போனார். அந்தக் கொப்பி அதற்குத்தான் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் துறைமுகத்து வெள்ளைக்காரர் குழுவோடு சங்கம் விளையாடியபோது, அந்தோனி தள்ளிக்கொடுத்த பந்தை அண்ணன் கோலுக்குள் அடித்தானாம். நான் பார்க்கவில்லை. மைதானத்துச் சத்தம் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது.

அளந்த அந்த மார்கழி கழிந்து தை பிறந்ததும், அம்மா குஞ்சியப்புவிடம், “தம்பி, முழங்கால் பாக்க இனி வேறை ஆரையும் பிடியுங்கோ” என்றார்.  பள்ளிக்கூடம் தொடங்கியது. அண்ணன் போனான். என் சிலேட்டும் புத்தகமும் அலமாரிக்கு மேலே போயின. ஐந்தாம் வகுப்புப் போதும் என்று ஐயா சொன்னதாக அம்மா சொன்னார். முன்னறையில் கூட்டம் நடந்தால் நான் உள்ளே இருந்து கோப்பை கழுவினேன். கோப்பைகள் இன்னும் கூடியிருந்தன.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. பையன்களுக்கு வந்த முட்டையைக் களவாகத் தின்றதற்கு இது தண்டனை. மூன்று மாதம் தின்றேன், ஆகவே மூன்று மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிடுவார்கள் என்று விரல்விட்டு எண்ணினேன். பங்குனியும் முடிந்தது.

ஒரு பின்னேரம் அம்மா தாச்சியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, தானே உரித்து, உப்பும் மிளகும் தூவி என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“எனக்கு வேண்டாம் அம்மா. நான் இனி முட்டை தின்னமாட்டன். சத்தியமா தின்னமாட்டன். பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு என் கையை முன்னால் இழுத்து, முட்டையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினார். “தின்னு பிள்ளை” என்று மட்டும் சொன்னார். ஊதுகுழலை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக் குனிந்து ஊதத் தொடங்கினார்.

அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதை ஏன் இவ்வளவு நேரம் ஊதுகிறார் என்று பார்த்துக்கொண்டே நான் முட்டையைத் தின்றேன்.