பரணிலிருந்து இறங்கிய கூடை

நேற்றுக் காலை ஏழு இருபதுக்கு அறைக் கதவைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது என் குடை. கூடத்தில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ‘வேண்டும்’, அடுத்ததில் ‘வேண்டாம்’, மூன்றாவதில் ‘யோசிக்கலாம்’ என்று பட்டையாக எழுதி ஒட்டியிருந்தது. குடை ‘வேண்டாம்’ பெட்டியில் தலைகீழாக நின்றது.

மகள் கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறாள். “மூணு வருஷமாத் தொடாதது எதுவும் வீட்ல இருக்கக் கூடாதுப்பா” என்றாள். அந்தக் கணக்குப்படி என்னையும் அந்தப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒப்புக்கொண்டுவிடுவாளோ என்று பயந்து சொல்லவில்லை.

குடையை எடுக்கக் குனிந்தபோது பெட்டிக்குள்ளிருந்து பழந்துணி வாசனை வந்தது. வெகுநாள் மடித்தே கிடந்த புடவையின் வாசனை. குனிந்த நிலையில் சற்று நின்றுவிட்டேன். முதுகுப் பிடிப்பு என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாசனை எனக்குப் பொங்கல் வாசனை. திண்டிவனத்தில் பொங்கலன்று நாங்கள் எல்லோரும் கடைக் கஞ்சி மணக்கும் புதுத்துணியில் இருப்போம். அம்மா மட்டும் கற்பூரமும் காய்ந்த வேப்பிலையும் கலந்து மணப்பாள். அது அம்மாவின் வாசனை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். புடவையின் வாசனை என்று புரிந்தது எனக்கு மீசை முளைத்த பிறகுதான்.

உங்கள் ஊர்ப் பக்கம் இந்த வழக்கம் இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில், கணவன் உயிரோடு இருக்கும்போது பூவும் பொட்டுமாக இறந்துபோகும் பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். அவள் அந்த வீட்டுக்குச் சாமி. ஆண்டுக்கு ஒருமுறை அவளுக்குப் புதுப் புடவை எடுத்துப் படையல் போட்டு, அதை ஒரு கூடையில் மூடி உயரத்தில் வைப்பார்கள். போன வருடத்துப் புடவையைக் கூடையிலிருந்து எடுத்து வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி அப்பாவின் முதல் மனைவி. கல்யாணமாகி இரண்டாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டவர். நாங்கள் பெரியம்மா என்போம். எங்கள் வீட்டில் படையல் போகிப் பண்டிகை அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை பெரியம்மாவுக்கு இஷ்டம் என்று அப்பா சொல்லியிருந்ததால், இலையில் அது கட்டாயம். சுடுவது அம்மா.

நான் சொல்ல வந்தது அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ, அந்த வருடத்துப் போகி. நான் விழுப்புரத்தில் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் விலை, ரயில் தாமதம், ஏரி உடைப்பு, இவைதாம் என் செய்திகள். எதை எழுதினாலும் கடைசி வரியில் ‘இதனால் அப்பகுதியில் பரபரப்பு நிலவியது’ என்று சேர்ப்பேன். ஏரி உடைந்த ஊரில் அவ்வளவு பரபரப்பு ஒன்றும் இருக்காது. சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார்கள்.

விழுப்புரத்தில் என் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும் இருந்தன. திண்டிவனத்து வீடோ வேறு மாதிரி. பெருமுக்கல் பக்கத்தில் எங்களுக்கு நிலம். நிலத்தில் உபயோகம் முடிந்ததெல்லாம் வீட்டுக்கு வந்துசேரும். ஆயில் இன்ஜின் வாங்கிய பிறகும் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த தோல் சால் பரணில் இருந்தது. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைகள், சிம்னி இல்லாத அரிக்கேன் விளக்குகள், எலி கடித்த சாக்குகள், துணியில்லாத குடைக்கம்பிகள். எதைக் கேட்டாலும் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: “ஆவும்.” என்றைக்காவது உபயோகம் ஆகும் என்று பொருள். ராத்திரி கூடத்தில் யார் எழுந்து நடந்தாலும் எதிலாவது இடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்கும். இடித்த இடத்தை வைத்தே அது யார் என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முந்தைய ஆவணியில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்தவள். அவள் அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும்; அப்போது விழுப்புரத்தில் இருந்தார். கல்யாணம் பேசப் போனபோது அந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். சுவரோரம் ஒரு பொருள் கிடையாது. தண்ணீர் கொடுத்த சொம்பை வாங்கிப்போய் உடனே கழுவிக் கவிழ்த்தார்கள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் லீவில் வந்தேன். சுண்ணாம்பு அடிக்க ஆள் வருவதற்குள் வீட்டை ஒழித்துவிட வேண்டும் என்று அண்ணி முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

“போன பொங்கலுக்கு அப்பறம் யாரும் தொடாதது எதுவா இருந்தாலும் வெளிய. அவ்ளோதான்” என்றாள்.

“அது ஆவும்மா” என்று அப்பா தோல் சாலைப் பிடித்துக்கொண்டார்.

“ஆவாது மாமா. உள்ள பூரானு குடும்பம் நடத்துது, பாருங்க.”

அப்பா எட்டிப் பார்த்தார். “அதுங்க பாட்டுக்கு கெடக்குதுங்க. உன்ன இன்னா பண்ணுது?”

அண்ணன் திரும்பிக்கொண்டு சிரித்தான். அண்ணி முன் வாசலில் போட்ட பொருளை அப்பா பின் வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவதும், அவள் கண்டுபிடித்து மறுபடியும் வெளியே போடுவதுமாக ஒரு பகல் போனது. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரணின் கடைசி மூலையிலிருந்து மூடி போட்ட மூங்கில் கூடை ஒன்று இறங்கியது. “இது இன்னாது அத்தை?” என்று அண்ணி கேட்டாள்.

“உன் பெரிய மாமியா. அப்பிடி ஓரமா வெச்சிடு.”

அண்ணிக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். கூடையைச் சாமி அறையில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

மறுநாள் பாத்திரக்காரர் வந்தார். பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருபவர். தலையில் பளபளவென்று கூடை, தோளில் துணி மூட்டை. எங்கள் தெருவில் அப்போதுதான் எவர்சில்வர் ஆசை வந்திருந்தது. அண்ணி கிழிந்த துணிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள். பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. கடைசியில் மூடி போட்ட தூக்கு ஒன்று வீட்டுக்கு வந்தது. அம்மா அதில் தன் முகத்தைப் பார்த்தாள். அதில் எல்லார் முகமும் அகலமாகத்தான் தெரிந்தது.

போகியன்று விடியலில் கிழிந்த பாய்களும் துடைப்பங்களும் எரிந்தன. நெருப்பிலிருந்து அப்பா ஒரு முறத்தைக் காப்பாற்றினார். பொழுது சாய்ந்ததும் குளித்து, சாமி அறையில் இலை போட்டு, கேப்பை அடை, வடை, பொங்கல் எல்லாம் வைத்தோம். அப்பா எடுத்துவந்திருந்த அரக்குப் புடவை ஒரு தாம்பாளத்தில் இருந்தது. அதன்மேல் மஞ்சளும் வளையலும். அப்பா கற்பூரம் ஏற்றிவிட்டுக் கூடையைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

அப்பா கையை விட்டுத் துழாவினார். பிறகு கூடையைக் கவிழ்த்தார். காய்ந்த வேப்பிலை இரண்டு விழுந்தது. அப்பா இலையைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அண்ணியைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான். நானும் அவளைத்தான் பார்த்தேன்.

“பரண ஒழிச்சது நீதானம்மா?”

“கூடையத் தொறக்கவே இல்லீங்க மாமா. எறக்கி வெச்சேன், அதோட சரி.”

“பாத்திரக்காரன்கிட்ட மூட்ட மூட்டையா போட்டியே. அதுல இன்னா இருந்திச்சின்னு பாத்தியா?”

“எல்லாம் கிழிசலுங்க மாமா. ஒன்னொன்னா பிரிச்சிப் பாத்துத்தான் குடுத்தேன்.”

“சும்மா எதுத்துப் பேசிக்கினு இருக்காத. குடுத்தியா இல்லியா?” என்று அண்ணன் கத்தினான். அவன் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை.

அப்பா குரலை உயர்த்தவில்லை. “டேய், காலைல மொத பஸ்ஸுக்கு இட்டுக்கினு போயி அவங்க அப்பன் வூட்ல வுட்டுட்டு வா. சாமியத் தூக்கித் தெருவுல போட்டவ இந்த வூட்ல பொங்கப் பான ஏத்த வேணாம்.”

தலைப்பொங்கலன்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. காரணம் எதுவானாலும் ஊர் வேறொரு காரணம் சொல்லும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. எங்கள் தெருவிலேயே ஒருத்தி, அனுப்பிய வீட்டார் மனம் மாறுவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து தலை நரைத்துப்போயிருந்தாள். அண்ணிக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். சுவரில் புதுச் சுண்ணாம்பு ஈரமாக இருந்ததுகூடத் தெரியாமல் அதில் சாய்ந்தாள்.

பாத்திரக்காரரைத் தேடிப் பார்க்கலாம் என்று நான் செருப்பை மாட்டினேன். பெரிய யோசனை. அவர் அந்நேரம் எந்த ஊரில், எந்தச் சத்திரத்தில் படுத்திருந்தாரோ!

“நீ எங்கயும் போவ வேணாம்” என்று அம்மாவின் குரல் கேட்டது. தோசைத் திருப்பியோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். “அவ குடுக்கல. நாந்தான் குடுத்தேன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மருமவளக் காப்பாத்தறியா?”

“இன்னாத்துக்குக் காப்பாத்தணும்? மஞ்சா ஒடம்பு, பச்சக் கரை. போன வருசம் செஞ்சியில எடுத்தாந்தது. மடிப்புல வேப்பெல இருந்திச்சி. ஒதறிட்டுத்தான் போட்டேன்.” திருப்பியால் அலமாரியைக் காட்டினாள். “தோ, அந்தத் தூக்குல பாதி அந்தப் பொடவதான்.”

கற்பூரம் அணைந்துவிட்டது. யாரும் மறுபடி ஏற்றவில்லை.

“ஏம்மா?” என்றான் அண்ணன்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “வருசா வருசம் அவளுக்குப் புதுசு. அவ வெச்சிருந்து குடுத்தது எனக்கு. நான் இந்த வூட்டுக்கு வந்து இவனுங்க வளந்து கல்யாணமும் ஆயிடுச்சி. ஒரு பொங்கலுக்கு எனக்குன்னு ஒன்னு எடுத்தியா நீ?”

அப்பாவை அம்மா ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். “அவ சாமிடி” என்றார் அப்பா.

“சாமிதான். அடையும் சுட்டுப் போட்டேன், கும்புட்டும் போட்டேன். வேணாததக் குடுங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லிக்கினே இருந்திச்சி. அது ஊரு சாமானெல்லாம் ஒழிச்சிது. நான் ஒன்னே ஒன்னு ஒழிச்சேன்.”

பிறகு அவள் செய்ததை நான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன். திருப்பியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். தாம்பாளத்திலிருந்த வளையலையும் மஞ்சளையும் ஒதுக்கிவிட்டு, அரக்குப் புடவையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் நான்கு பேரும் படையலுக்கு முன்னால் அப்படியே நின்றோம். யாராவது ஒருவர் நகர்ந்தால் கூரை இறங்கிவிடும் என்பதுபோல. வெளியே பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா வெளியே வந்தாள். புடவை புதுசு என்பதால் விறைப்பாக நின்றது. நடக்கும்போது சரசரத்தது. அம்மா நடந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. நேராக இலைக்குப் போய்க் குனிந்து அடையைப் பிட்டு அண்ணியின் கையில் வைத்தாள்.

“தின்னு. சொவத்துல சாஞ்சிக்கினு நிக்காத, முதுவெல்லாம் சுண்ணாம்பு.”

அண்ணி தின்றாள். படையல் அடையை அப்பா தொடாமல் யாரும் தொட்டது அந்த வீட்டில் முதல்முறை. மறுநாள் காலை அவள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறவில்லை. வாசலில் பொங்கல் பானை ஏற்றினாள். அப்பா சூரியனைக் கும்பிட்டுவிட்டுப் பெருமுக்கலுக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்.

அதன் பிறகு பல மாதங்கள் எங்கள் வீட்டில் எல்லோரும் எதற்கோ காத்திருந்தோம். மாடு தீனி தின்னவில்லை என்றால் அப்பா அம்மாவைப் பார்ப்பார். அண்ணன் இருமித் தொலைத்தால் அண்ணி அம்மாவைப் பார்ப்பாள். மூடநம்பிக்கையை எதிர்த்துப் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்த நான், விழுப்புரத்தில் ரயில்வே கேட் திறந்திருந்தாலும் சைக்கிளிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மாடு மறுவேளை தின்றது. மூங்கில் கூடையில் அண்ணி வெங்காயம் போட்டுவைத்தாள். அதைப் பார்த்த அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அடுத்த போகிக்கு அவர் புடவை எடுக்கவில்லை. யாருக்குமே எடுக்கவில்லை.

அறுபதுகள் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள். அப்பா இருக்கும்போதே, பூவும் பொட்டுமாக. ஊர் வழக்கப்படி அவளும் பூவாடைக்காரிதான். அந்த வருடம் போகிக்கு அப்பா தானே செஞ்சிக்குப் போய், பட்டுக்கரை வைத்த புடவை ஒன்று எடுத்துவந்தார். வெங்காயக் கூடையைக் கழுவிக் காயவைத்துத் தரச் சொன்னார்.

அண்ணி கூடையைக் கொடுக்கவில்லை. புடவையை மட்டும் கேட்டு வாங்கினாள். “அத்தைக்கு வெச்சா அடுத்த வருசம் நாந்தானே மாமா கட்டிக்கணும்? இப்பவே கட்டிக்கறேன்” என்று உள்ளே போனாள். அப்பா கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது. பழந்துணிக்குப் பாத்திரம் தருபவர்களைக் கண்டு பல வருடம் ஆகிறது. அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள். பெரியம்மாவைக் கண்ணால் பார்த்தவர்களில் கடைசி ஆளாக இருந்தவர் அப்பா. அவரிடம் நான் கேட்கவில்லை.

பெரியம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது.