இஸ்லான் வந்த வெள்ளிக்கிழமை

துபாய் தேராவில் நாங்கள் குடிவந்த புதிதில், ஒரு மாலை காய்கறிப் பையுடன் லிஃப்டுக்குள் கால் வைக்கப்போனேன். பின்னாலிருந்து ஒரு பெண் குரல் "அபாயோ, அபாயோ" என்று பதறியது. துள்ளிப் பின்வாங்கினேன், தக்காளி நாலாபுறமும் உருண்டது. கயிறு அறுந்துவிட்டதா, தீப்பிடித்துவிட்டதா என்று நான் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருக்க, பூப்போட்ட நீள முக்காட்டில் உயரமான ஒரு சோமாலியப் பெண்மணி ஓடி வந்து தக்காளிகளைப் பொறுக்கத் தொடங்கினார். லிஃப்டை நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார். அவருடைய மொகதிஷுப் பேச்சில் அபாயோ என்றால் சகோதரி. தமிழில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீட்டில் அபாயம் குடியிருப்பதை என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். லிஃப்டின் சுவரில் சாய்ந்து சிரித்தார். எங்கள் தளம் வந்ததைக் கவனிக்காமல் இருவரும் மறுபடி கீழே போய்ச் சேர்ந்தோம்.

எதிர் வீட்டுக்காரர் அவர். அன்றிலிருந்து அவர் எனக்கு அபாயோ, நான் அவருக்கு அபாயோ. மனம் குளிர்ந்திருக்கும் நாட்களில் என்னை "ஹூனோ" என்பார். தன்னைவிட இளையவர்களை அவருடைய ஊரில் கொஞ்சுகிற சொல் அது. கணவரை இழந்தவர். வீட்டிலேயே சாம்பிராணி போன்ற ஒரு நறுமணத் தூள் தயாரித்து விற்று ஒரே மகளைப் படிக்க வைத்திருந்தார். எங்கள் தளம் முழுவதும் சர்க்கரையும் வாசனைப் பிசினும் கருகும் மணம் எப்போதும் நிற்கும். மகள் துபாயில் பிறந்தவள், விமான நிறுவனம் ஒன்றில் வேலை. சோமாலி அவளுக்குச் சாப்பாட்டு மேசை வரைதான் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம்.

சொற்கள் ஊருக்கு ஊர் முகம் மாற்றுவது எனக்குப் புதிதில்லை. நான் காயல்பட்டினத்துப் பெண். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் போனேன். அங்கே காக்கா என்றால் கறுப்பாகக் கரைவது மட்டும்தான். முதல்முறை என் அண்ணன் என்னைப் பார்க்க வந்த அன்று, வாசலில் அவரைக் கண்ட சந்தோஷத்தில் உள்ளே திரும்பி, "மாமி, காக்கா வந்தாச்சு" என்று கத்தினேன். மாமியார் கம்பை எடுத்துக்கொண்டு, பலகாரப் பெட்டியோடு நின்ற என் அண்ணனைத் தாண்டி, மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தைக் காப்பாற்ற ஓடினார். அபாயோவுக்கு இந்தக் கதை அலுக்கவே அலுக்காது.

ஆனால் தன் வீட்டில் அப்படி ஒன்று நடந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஒரு பையனை விரும்பினாள். ஜெபல் அலியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். சோமாலியாவின் வடகிழக்கில் கரோவே நகரத்துப் பிள்ளை. முதல்முறை வீட்டுக்கு வந்தவன் மிகுந்த பணிவோடு குனிந்து, அவரை "ஹபர்யர்" என்று அழைத்தான். வடக்கே அது தாயின் தங்கையைக் குறிக்கும் சொல். வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அன்போடு அப்படிக் கூப்பிடலாம். அபாயோவின் தெற்கிலோ வெளிப்பெண்களை "எத்தோ", அதாவது அத்தை, என்றுதான் அழைப்பார்கள். ஹபர்யர் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்தால் சின்னக் கிழவி என்று வரும். ஹபர் என்று தனியாகச் சொன்னால் அவர் ஊரில் அது வசவு. அவன் போன பிறகு என் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றார். "எனக்கு என்ன வயசாயிடுச்சு, சொல்லு" என்றார். நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அரை மனதோடுதான் அடங்கினார்.

அடுத்த மாதம் மகள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, அவர்கள் குடும்பத்து இஸ்லான் பெண்ணைப் பார்க்க வருகிறாராம். பையன் ஆங்கிலத்தில் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் சோமாலி. அபாயோவின் ஊரில் இஸ்லான் என்றால் வயதான அம்மா. பையனின் பாட்டி முதலில் வந்து பெண்ணைக் கண்ணாலே பார்த்துவிட்டுப் போகப்போகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆண்கள் வந்து முறைப்படி கேட்பது பிறகுதானே என்று நினைத்து, ஷார்ஜாவிலிருந்த தன் கொழுந்தனாருக்குச் சொல்லவில்லை. பெண்கள் உட்காரும் அறையில் ரோஜா நிறத் திண்டுகளை அடுக்கினோம். பல் இல்லாதவருக்கு வாகாகக் கஞ்சியும் குழைந்த வாழைப்பழமும். பரிசுக்கு மஞ்சள் பூப்போட்ட மெல்லிய சால்வை.

மணி அடித்ததும் அபாயோ முகம் மலர்ந்து கதவைத் திறந்தார். வாசலில் மருதாணியிட்டுச் சிவந்த தாடி, தோளில் வெள்ளைத் துண்டு, கையில் செதுக்கிய கோல். ஆறடி உயரப் பெரியவர் ஒருவர். பின்னால் வெள்ளை அங்கியில் நாலைந்து ஆண்கள். கடைசியில் மாப்பிள்ளைப் பையன். அபாயோ அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பாட்டியைத் தேடினார். பையன்தான் பெரியவரைக் காட்டி, "இவர்தான் எங்க இஸ்லான்" என்றான். வடகிழக்கில் அது குலத்தலைவரின் பட்டம். இவர் பட்டத்துக்குரியவர் இல்லை. பட்டம் தாங்கும் குடும்பத்தின் கிளையில் வந்தவர். சின்ன வயதில் செல்லமாக வைத்த பெயர் தாடி நரைத்ததும் மரியாதையாகிவிட்டிருந்தது. ஆனால் பெண் கேட்க முறைப்படி வந்தவர்களை வரவேற்க வீட்டில் ஓர் ஆண்கூட இல்லை. இதைவிடப் பெரிய அவமதிப்பு அவர்கள் வழக்கத்தில் கிடையாது. வந்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பெண் உள்ளே அழத் தொடங்கிவிட்டாள்.

அபாயோ என் கையைப் பிடித்தார். "ஹூனோ, உன் வீட்டுக்காரர் இருக்காரா" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் தொழுகை முடிந்து கைலியோடு பிரியாணிக்குக் காத்திருந்தார். சட்டையை மாட்டியபடியே வந்து, வேலைத்தளத்தில் கற்ற அரபியில் ஸலாம் சொல்லி, எல்லோரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெண்ணின் சித்தப்பா வழியில் இருக்கிறார், அதுவரை பெண் வீட்டு ஆண் நான்தான் என்றார். சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஃபோன் போயிருந்தது. எங்கள் மதியச் சாப்பாடு அவர்கள் முன்னால் போனது. நானும் அபாயோவும் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து தட்டுச் சத்தம் வந்தது. பிறகு என் கணவர், நடந்தது என்னவென்று மறைக்காமல் சொன்னார். பெண் வீட்டார் ஊரில் இஸ்லான் என்றால் மூதாட்டி, உங்களுக்காகக் கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறார்கள் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அதோடு நிற்கவில்லை. என் மாமியார் கம்போடு மாடிக்கு ஓடிய கதையை, காகம் போலக் கரைந்து காட்டி, அரபியிலும் இந்தியிலும் சொல்லி முடித்தார்.

அப்புறம் அந்தப் பெரியவரின் சிரிப்பு, ஆழ்கிணற்றில் வாளி விழுந்த மாதிரி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கஞ்சியைக் கொண்டு வரச் சொன்னார் பெரியவர். பல் இல்லாதவருக்குச் செய்ததை முழுப் பல்வரிசையோடு குடித்து முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

சித்தப்பா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தபோது, மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டம் தாண்டிப்போயிருந்தது. முறைப்படி பெண் கேட்டார்கள், முறைப்படி சம்மதம் சொன்னார்கள். பிறகு பெண்ணை வரச் சொன்னார் பெரியவர். அழுது வீங்கிய கண்ணோடு வந்து நின்றவளிடம், என்னை என்னவென்று கூப்பிடுவாய் என்று கேட்டார். எந்த ஊர்ச் சொல்லைச் சொன்னால் எது குறுக்கே வருமோ என்று அவள் தாயைப் பார்த்தாள். கடைசியில் மெல்ல, "அதீர்" என்றாள். சித்தப்பா என்று பொருள். தெற்கிலும் வடக்கிலும் அது ஒன்றே. பெரியவர் அவள் தலையில் கை வைத்து, "அதீர்" என்றார். அவர்கள் வழக்கம் அப்படி. பெரியவரை நாம் எந்தச் சொல்லால் அழைக்கிறோமோ அதே சொல்லால் அவரும் நம்மை அழைப்பார். அடுக்களை வாசலில் அபாயோ என் தோளில் முகத்தை வைத்து அழுதார். மஞ்சள் சால்வையை, கரோவேயில் இருக்கும் தன் மனைவிக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார் பெரியவர்.

மாப்பிள்ளைக்கு இப்போது தோஹாவில் வேலை. போன மாதம் மகளும் அவரும் குழந்தையோடு வந்திருந்தார்கள். பெண் குழந்தை, இன்னும் பல் முளைக்கவில்லை. கூடத்தில் அவளை ஆளாளுக்குக் கொஞ்சினார்கள். மகள் குழந்தையை "ஹோயோ, ஹோயோ" என்று அழைத்தாள். ஹோயோ என்றால் அம்மா என்றல்லவா எனக்குச் சொல்லியிருந்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம், தாய் தன் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்றார் அபாயோ. இத்தனை வருஷத்தில் அவர் மகளை ஹோயோ என்று கூப்பிட்டதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஏதோ செல்லப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

குழந்தையை என் மடிக்கு மாற்றினார்கள். என்ன சொல்லிக் கொஞ்சுவது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "என் உம்மால்ல, என் செல்ல உம்மா" என்றேன். எங்கள் ஊரில் அம்மாவை உம்மா என்போம். அரபி தெரிந்த அபாயோவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களுமா?" என்றார்.

"நாங்களும்தான்" என்றேன்.

ஊர் ஊராகச் சண்டை பிடித்த சொற்களெல்லாம் எங்களைச் சுற்றி நிற்க, நாங்கள் இருவரும் அந்தக் குட்டி அம்மாவை மாறி மாறி அழைத்தோம். அவள் ஹோயோவுக்கும் திரும்பினாள், உம்மாவுக்கும் திரும்பினாள். பிறகு என் மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.