மந்து லேது

நைனா பெங்களூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆந்திராவில் பாலசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்கள் அரை ஏக்கருக்குத் திரும்பியபோது, ஊர்க்காரர்கள் பெங்களூர் பஸ்ஸில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டிருந்தார்கள். இவரோ இனி உப்பும் வெல்லமும் தவிரக் கடையில் எதுவும் வாங்குவதில்லை, பயிருக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வெல்லமும் எங்களுக்கில்லை. சாணம், கோமியம், அழுகிய வாழைப்பழத்தோடு கரைத்து, வேலியோரம் புதைத்த நான்கு பானைகளில் ஊறவைத்துத் தக்காளிக்கு ஊற்றினார். என் காப்பிக்கு இல்லாத வெல்லம் செடிக்குப் போனதில் எனக்கு ஏகக் கடுப்பு.

அம்மா ஒரே ஒரு கெடு வைத்தாள். "இந்த ஒரு போகம் பாக்கறேன். விக்கலன்னா நீ பெங்களூருக்கே போய்டு."

நைனா போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதனால்தான் ரோட்டோரம் பலகை வைக்க அவர் என்னைக் கூப்பிட்டபோது ஓடினேன். நான் தெலுங்கு ஸ்கூலில் நாலாவது. நைனாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும்.

"மருந்தே இல்லன்னு எழுதும்மா" என்றார்.

இங்கே மருந்து இல்லை என்பதை 'இக்கட மந்து லேது' என்று தெலுங்கில் பெரிதாக எழுதினேன். தக்காளிதான் கண்ணெதிரே இருக்கிறதே என்று அதை எழுதவில்லை.

தெலுங்கில் பூச்சிமருந்தும் மந்துதான், சாராயமும் மந்துதான். அப்போது ஆந்திராவில் சாராயக் கடைகளை மூடியிருந்தார்கள். கேட்காமலே ஒருவன் இல்லை என்று எழுதி வைத்தால் ஊர் என்ன நினைக்கும்? மறுநாளே சைக்கிளில் இரண்டு பேர் வந்து, தக்காளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்கண்ணா வச்சிக்கினு இருக்க?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

"செடிலதான் இருக்குது, பறிச்சித் தரட்டா?" என்றார் நைனா.

மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது. வந்தவர்களில் ஒருவர் பானையை மோந்து பார்த்தார். வெல்லமும் பழமும் புளித்த வாசம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. சாராய ஊறல் என்று நான்கையும் கடப்பாறையால் உடைத்தார்கள். "செடிக்கு ஊத்தறது சார்" என்று நைனா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"போர்டு எவரு ராசிந்தி?" என்றார் அவர்களில் பெரிய அதிகாரி. யார் எழுதியது என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"நேனே சார்."

அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் மறுநாள் சாயங்காலம் அனுப்பினார்கள். அதன்பிறகு எங்கள் தக்காளியை யாரும் வாங்க வரவில்லை. அடுத்த வாரம் நைனா பெங்களூர் பஸ் ஏறினார்.

நான் வழியனுப்பப் போகவில்லை. அவ்வளவு அழகாக நான் எழுதியதை, தெலுங்கில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் தான் எழுதியதாகச் சொல்லிக்கொண்டாரே என்ற கோபம் எனக்கு.