கிணற்று நீச்சல்காரி வசந்தாமணி

வசந்தாமணியால் முடியாது என்று முதலில் சொன்னவன் நான்தான். சொன்னதை மறைத்துவிட்டு இப்போது நல்ல பிள்ளை வேஷம் போட எனக்கு வராது. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே டிக்கெட் கிழிக்கிறவன் நான். பெயர் மிக்கேல், சொந்த ஊர் சேலம். பெண்கள் நேரத்துக்கு ஒரு பெண் லைஃப்கார்டு வேண்டும் என்று முதலாளி பலகை எழுதி மாட்டினார். மூன்று வாரம் பயிற்சி, சேலத்திலிருந்து தேவிப்ரியா என்ற பயிற்சியாளர் வருவார், கடைசி நாள் பரீட்சை, தேறினால் சான்றிதழும் வேலையும். நான் கல்லூரிப் பெண்கள் வருவார்கள் என்று பார்த்தால், நாற்பத்தொரு வயதில், தலை நிறைய எண்ணெயும் கையில் சோற்றுத் தூக்குப்போசியுமாக ஒருத்தி கவுண்டர் முன்னால் வந்து நின்றாள்.

நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். கிணற்றில் நீந்துவேன் என்றாள். கிணற்றில் தவளைகூடத்தான் நீந்தும் என்றேன். என் வாய் அப்படி. அவள் கோபப்படவில்லை.

"அறுபதடிக் கெணத்துல குதிச்சு எந்தம்பிய நான்தானுங்ணா தூக்கியாந்தேன்" என்றாள்.

அதன் பிறகு கதை முழுவதையும் சொன்னாள். மோகனூர் பக்கம் அவள் அப்பனுக்குக் கரும்புக்காடு. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு அவள் தம்பி சின்னராஜ், இருபத்திரண்டு வயது, மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்று பார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறான். படி வழுக்கித் தலை கல்லில் மோதி உள்ளே போய்விட்டான். மேலே நின்ற ஆண்கள் கயிறு தேடி ஓட, இவள் கட்டின சேலையோடு குதித்து, அடியில் துழாவி, முடியைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள். அவன் பிழைக்கவில்லை. ஆனாலும் தம்பியைத் தூக்கி வந்தவள் என்ற பெயர் அவளுக்கு ஊரில் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரை நம்பித்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். கணவன் செங்கோடன் ரிக் வண்டி டிரைவர்; வருஷத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். போனில் கேட்டதற்கு, சேலை தடுக்கும், சுடிதார் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அந்த மனுஷனுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

முதல் நாளே கூத்து. இருநூறு மீட்டர் நீந்தச் சொன்னார்கள். மற்ற மூன்று பெண்கள் அவரவர் கோட்டில் நேராகப் போக, வசந்தாமணி பாதித் தூரத்தில் இடது பக்கம் வளைந்து, ஒருத்தியின் முதுகில் மோதி, இன்னொருத்தியைக் கடந்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து கிணற்றிலேயே நீந்தினவள். கிணற்றில் நேராகப் போனால் நாலு வீச்சில் சுவர் வந்துவிடும். அதனால் சுற்றிச் சுற்றியே பழகியிருக்கிறாள். குளத்தின் அடியில் கறுப்புக் கோடு போட்டிருக்கிறது, அதைப் பார்த்துப் போங்கள் என்றார் தேவிப்ரியா. கோடு தெரிய வேண்டுமானால் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். இவளோ தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே நீந்துகிறவள். நாலு நாள் மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மித் தும்மிக் கண் சிவந்தது. ஐந்தாம் நாள் கோடு பிடிபட்டது.

முடியைப் பிடித்து இழுக்கிற பழக்கமும் போக வேண்டியிருந்தது. குளத்தில் எல்லாரும் தலைக்கு ரப்பர் தொப்பி போடுவார்கள். பிடித்தால் தொப்பிதான் கையோடு வரும். அதைவிடக் கஷ்டம், குதிக்காமல் இருப்பது. முதலில் குரல் கொடு, அடுத்து கம்பை நீட்டு, பிறகு மிதவையை வீசு, எதுவும் ஆகவில்லை என்றால் மட்டும் இறங்கு என்பது பாடம். இவள் விசில் ஊதுவதற்கு முன்பே தண்ணீரில் இருப்பாள். தேவிப்ரியா அதற்காக அவளைப் பதினோரு தடவை மேலே ஏற்றித் திரும்ப ஆரம்பிக்க வைத்தார். இருபத்தாறு வயதுப் பெண், ஆனால் கறார் என்றால் அப்படியொரு கறார்.

இரண்டாவது வாரம் பொம்மை வந்தது. நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதிப் பழகுகிற பொம்மை. வசந்தாமணி முட்டி போட்டு உட்கார்ந்தாள். தண்ணீரிலிருந்து எடுத்த ஆளுக்கு மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு முப்பது தடவை நெஞ்சை அழுத்த வேண்டும், இரண்டு மூச்சு, திரும்ப முப்பது. வயிற்றை அமுக்குவது, குப்புறப் போட்டு உருட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்கிற வேலை என்று தேவிப்ரியா விளக்கிக்கொண்டு போனார். வசந்தாமணியின் கை அப்படியே நின்றது.

"மூக்குல நொரை வந்துட்டிருந்தா உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருக்கலாம், முதல் சில நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்றார் தேவிப்ரியா. அவருக்குத் தம்பி கதை தெரியாது. எனக்குத் தெரியும். கவுண்டரில் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நாங்க லாரி டயர்ல குப்பறப் போட்டு உருட்டுனமுங்க. கார் வர்ற வரைக்கும், கா மணி நேரம். முதுக அமுக்குனதே நான்தான்."

சொல்லிவிட்டு எழுந்து ஈரத்துணியோடு வெளியே போய்விட்டாள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர் வழியாகப் போகிற பஸ் இரண்டு வந்தன, இரண்டிலும் ஏறவில்லை. நான் ஒரு டீ வாங்கிக்கொண்டு போனேன். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருக்க வேண்டும். அன்றைக்கு ஊருக்கே தெரியாத விஷயம், உன் மேல் தப்பு இல்லை என்று ஏதோ உளறினேன். டீயை முழுதாகக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலீங்ணா. பரீச்சைக்கு இன்னும் எத்தன நாளு இருக்குதுங்?"

ஒன்பது என்றேன். நாளைக்கு வாரேன் என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அந்த ஒன்பது நாளும் நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். பொம்மையைக் கவுண்டர் பக்கத்து நிழலில் கிடத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணி அழுத்துவாள். முப்பது, ஊது, மறுபடி ஒன்று. டிக்கெட் கொடுக்கிற எனக்குச் சில்லறைக் கணக்கு தப்பிப் போகும். மனசுக்குள் எண்ணித் தொலையேன் என்று திட்டினேன். சத்தமாக எண்ணினால்தான் வேகம் தவறாது என்று பதில் வந்தது. முட்டி இரண்டும் காய்த்துப் போயின. பரீட்சையன்று இருநூறு மீட்டரை நூல் பிடித்த மாதிரி நேராக நீந்தி, அடியிலிருந்து செங்கல்லை எடுத்து வந்து, விசில் ஊதி, மிதவை வீசி, பொம்மைக்கு உயிர் கொடுத்துத் தேறினாள். மற்ற மூவரில் ஒருத்திதான் தேறினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வருகிறவர்களுக்கான நேரம். கூட்டம் நெரிந்தது. பட்டறை வைத்திருக்கிற ஒருவர், நாற்பது வயதிருக்கும், நீச்சல் தெரியாதவர், ஆழமில்லாத பக்கத்தில் நடந்துகொண்டே வந்து கயிற்றைத் தாண்டிவிட்டார். சத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற பெண்டாட்டிகூடக் கவனிக்கவில்லை. உயரமான நாற்காலியில் காவல் இருந்த வசந்தாமணி விசில் ஊதினாள், மிதவையை வீசினாள். பிடிக்க மேலே கை இல்லை. அதற்குப் பிறகுதான் குதித்தாள். கரையேற்றிக் கிடத்தியபோது அந்த மனுஷனுக்கு மூச்சு இல்லை, உதடு நீலமாகியிருந்தது.

கவிழ்த்துப் போடுங்கள், வயிற்றை அமுக்குங்கள் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் ஓடினதுதான் கொடுமை. குழந்தைகள் ஏறி விளையாடச் சுவரோரம் ஒரு பழைய லாரி டயர் கிடந்தது. ஒன்பது நாள் அந்த எண்ணிக்கையைக் காதில் வாங்கின இதே நான், பஸ் ஸ்டாப்பில் டீ வாங்கிக் கொடுத்த இதே நான், அந்த டயரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

வசந்தாமணி அதைக் காலால் எட்டி உதைத்தாள்.

"டயர உடுங்ணா. இங்க உக்காந்து எண்ணுங்க."

உட்கார்ந்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினாள். அந்த ஆளின் அம்மா, யாருடி நீ என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் நிமிரவே இல்லை. கையை நெஞ்சில் ஊன்றினாள். நான் எண்ணினேன். பதினேழில் குழறினேன், அவள் பதினெட்டைச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டாள். முப்பது. இரண்டு மூச்சு. மறுபடி முப்பது. நாலாவது சுற்றில் அந்த மனுஷன் உடம்பை ஒரு உதறு உதறி, தண்ணீரைக் கக்கி, இருமினார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போயிற்று. மூன்றாம் நாள் வீடு திரும்பிவிட்டார்.

ஆம்புலன்ஸ் போனதும் வசந்தாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காப்பாற்றிவிட்டாயே ஆத்தா, இப்போது எதற்கு அழுகை என்று கேட்டேன். என் கண்ணும் சும்மா இல்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாள். கவுண்டர் கேமராவில் பார்த்து வந்து சொன்னேன்: கரையேற்றியதிலிருந்து இருமும் வரை இரண்டரை நிமிடம்.

"ரெண்டரதானுங்களா" என்றாள். "எந்தம்பிக்கும் அந்த நேரம் இருந்துச்சுங்ணா."



மறுநாள் நான் வந்தபோது டயர் இல்லை. பழைய இரும்பு வாங்க வந்த வண்டியில் அவளே உருட்டி ஏற்றிவிட்டிருந்தாள். பொம்மை நிழலில் கிடந்தது. கவுண்டரைத் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதன் பக்கத்தில் முட்டி போட்டேன். ஐம்பத்திரண்டு வயது முட்டி, கடகடவென்றது. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். பன்னிரண்டு வரை எண்ணியிருப்பேன்.

"கை மடங்குதுங்ணா" என்றாள். "மறுக்கா, ஒன்னுலிருந்து."